ஆகஸ்ட் கடைசியில் உலகச் சந்தையை எந்த வரிசையில் படிப்பது?

ஆகஸ்ட்டில் நியூயார்க், லண்டன் டிரேடிங் டெஸ்க்குகளில் பலர் விடுமுறையில் இருப்பார்கள். வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் அளவு, குறையும். வாங்க ஆள் இல்லாத நேரத்தில் சாதாரண விற்பனைகூட விலையைப் பலமாக அடித்துவிடும். அதனால் இந்த மாதத்தை அலசும்போது பங்குக் குறியீடுகளைக் கடைசியில் பாருங்கள். முதலில் அமெரிக்க வேலைவாய்ப்பு, அடுத்து ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு), கடன் சந்தை, நாணயம், அதற்குப் பிறகே பங்கு விலை. வரிசை மாறினால் விலை விழுந்ததைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடத் தொடங்குவோம். தேடினால் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கத்தான் செய்யும்.

உட்கார ஏற்ற நாள், மாதத்தின் கடைசி வார இறுதி. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டின் கன்சாஸ் சிட்டி கிளை ஜாக்சன் ஹோலில் ஆண்டுதோறும் நடத்தும் மத்திய வங்கியாளர்கள் கூட்டம் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அமெரிக்க ஜிடிபியின் இரண்டாவது மதிப்பீடும், நிறுவனங்களின் ஜூன் காலாண்டு முடிவுகளில் பெரும்பகுதியும் வந்திருக்கும். இரண்டு மணி நேரமும் ஒரு எக்செல் ஷீட்டும் போதும். எண்களில் பலவற்றை செயின்ட் லூயிஸ் ஃபெட்டின் ‘ஃப்ரெட்’ தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

அமெரிக்காவின் மாதாந்திர வேலைவாய்ப்பு அறிக்கையில் தலைப்பில் வரும் எண்ணைவிட (புதிதாகச் சேர்ந்த வேலைகள்), முந்தைய இரண்டு மாதங்களுக்கு வந்த திருத்தம் முக்கியம். 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த அறிக்கையில் மே, ஜூன் எண்கள் சேர்ந்து 2,58,000 குறைக்கப்பட்டன. அதுவரை தெம்பாகத் தெரிந்த வேலைச் சந்தை ஒரே காலையில் சோர்ந்துபோனது. எனவே திருத்திய எண்களை வைத்து மூன்று மாத சராசரி போடுங்கள்.

வேலையின்மை விகிதத்துக்கு ‘சாம் விதி’ என்று ஒன்று உண்டு. மூன்று மாத சராசரி, கடந்த 12 மாதங்களின் மிகக் குறைந்த மூன்று மாத சராசரியைவிட 0.5 புள்ளி உயர்ந்தால் மந்தநிலை தொடங்கிவிட்டதாகக் கொள்வது வழக்கம். 2024 ஜூலையில் விகிதம் 4.3% ஆனபோது அந்த மணி அடித்தது, மந்தநிலை வரவில்லை. வேலை தேடிப் புதிதாக வந்தவர்கள் கூடியதாலும் விகிதம் ஏறியிருந்தது. ஆட்குறைப்பு நடக்கிறதா என்பதை வாராந்திர வேலையின்மை உதவித்தொகை விண்ணப்பங்களின் நான்கு வார சராசரியில் பாருங்கள். அது கிடுகிடுவென ஏறாதவரை சாம் விதியை மட்டும் நம்பிப் பதற வேண்டாம்.

ஜிடிபியில்தான் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். அமெரிக்கா காலாண்டு வளர்ச்சியை ஆண்டு வேகமாக மாற்றிச் சொல்கிறது. யூரோ நாடுகளின் தலைப்பு எண் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டது. சீனாவுடையது சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டது. மூன்றையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐரோப்பா செத்துக் கிடப்பதுபோல் தெரியும். 0.3% என்று வந்தால் 1.003-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 1.012, அதாவது ஆண்டு வேகம் 1.2%. சீனாவின் எண்ணை இப்படிப் பெருக்கக் கூடாது. அதில் ஏற்கெனவே நான்கு காலாண்டுகள் அடங்கியிருக்கின்றன.

அலகு சரியானாலும் உள்ளே திறந்து பார்க்க வேண்டும். 2025 முதல் காலாண்டில் இறக்குமதி வரிக்கு முன்பே வெளிநாட்டுச் சரக்கை வாங்கிக் குவித்ததால் அமெரிக்க ஜிடிபி சுருங்கியது; ஜிடிபி கணக்கில் இறக்குமதி கழிக்கப்படும். அடுத்த காலாண்டில் இறக்குமதி சரிந்ததும் முதல் மதிப்பீடு 3.0% காட்டியது. இரண்டுமே நிலைமையைச் சொல்லவில்லை. உள்நாட்டுத் தனியார் வாங்குவோருக்கான இறுதி விற்பனை என்ற வரியைப் பாருங்கள், அது மக்களின் செலவையும் தனியார் முதலீட்டையும் மட்டும் கூட்டியது: அதே மதிப்பீட்டில் அது 1.9%-லிருந்து 1.2% ஆக மெதுவாகியிருந்தது.

அடுத்து கடன் சந்தை. நாங்கள் அதிகம் மதிப்பது ஹை ஈல்டு ஸ்ப்ரெட்டை. தரம் குறைந்த நிறுவனங்கள் அரசுப் பத்திரத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் வட்டி தர வேண்டியிருக்கிறது என்பதே அது. 3% அளவில் இருந்தால் சந்தை அலட்சியமாக இருக்கிறது. 5% தாண்டினால் கவனியுங்கள். 8% என்றால் நெருக்கடி. 2008 டிசம்பரில் 20%-ஐத் தாண்டியது. ஈல்டு கர்வ் தலைகீழாவதற்கு, அதாவது குறுகிய கால அரசுப் பத்திர வட்டி நீண்ட கால வட்டியைவிட உயர்வதற்கு, இவ்வளவு எடை தர வேண்டாம். 2022 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தலைகீழாகவே கிடந்தது, மந்தநிலை வரவில்லை.

நாணயக் கணக்கில் கூட்டல் கழித்தல் உதவாது, பெருக்க வேண்டும். ஒரு சந்தை 20% ஏறி, அதன் நாணயம் உங்கள் நாணயத்துக்கு எதிராக 12% விழுந்தால் மிச்சம் 8% அல்ல. 1.20 × 0.88 = 1.056, கைக்கு வருவது 5.6%.

இப்போது குறியீடுகள். உலகப் பங்குகளை அளக்கும் எம்எஸ்சிஐ ஏசிடபிள்யூஐ குறியீட்டில் 47 நாடுகள் இருந்தாலும் அமெரிக்காவின் எடை 60%-க்கு மேல். “உலகச் சந்தை ஏறியது” என்றால் பல நேரம் சில அமெரிக்க டெக் பங்குகள் ஏறின என்றே பொருள். பெரிய நிறுவனங்களுக்கு அதிக எடை தரும் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500-ஐயும், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே எடை தரும் அதன் சம எடைக் குறியீட்டையும் பக்கத்தில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். விக்ஸ் என்பது எஸ் அண்ட் பி ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடும் ‘பய அளவுகோல்’. அந்த எண்ணை 16-ஆல் வகுத்தால் சந்தை எதிர்பார்க்கும் ஒரு நாள் அசைவு சதவீதத்தில் கிடைக்கும்; 16 என்றால் 1%.

இந்த வரிசையை 2024 ஆகஸ்ட் 5-க்குப் போட்டுப் பாருங்கள். அன்று ஜப்பானின் நிக்கேய் குறியீடு 12.4% விழுந்தது. விக்ஸ் 65-ஐத் தாண்டியது; ஆனால் அந்த உச்சம் சந்தை திறப்பதற்கு முன், ஆப்ஷன்களை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாகக் கிடந்த நேரத்தில் வந்தது. முடிவில் 38.57. எஸ் அண்ட் பி 3% இறங்கியது. ஹை ஈல்டு ஸ்ப்ரெட்டோ 4%-ஐக்கூடத் தாண்டவில்லை. மாறியிருந்தது நாணயம்: ஜூலைத் தொடக்கத்தில் டாலருக்கு 162-ஐ நெருங்கியிருந்த யென், ஜப்பான் வட்டியை 0.25%-க்கு உயர்த்திய பின் 142 வரை வலுத்தது. யென்னில் கடன் வாங்கி வெளியே முதலிட்டவர்கள் அவசரமாக மூட்டை கட்டினார்கள். மறுநாளே நிக்கேய் 10% ஏறியது.

2007 இதற்கு நேரெதிர். ஆகஸ்ட் 9 அன்று பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பரிபா தன் மூன்று ஃபண்டுகளில் பணம் எடுப்பதை நிறுத்தியது. கடன் சந்தை இறுகத் தொடங்கியது. பங்குகள் சுதாரித்து ஏறின. அக்டோபர் 9 அன்று எஸ் அண்ட் பி புதிய உச்சத்தில் முடிந்தது. விலையை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றியிருக்கும்; 2008 நெருக்கடி அதற்குப் பிறகுதான் வந்தது.

செப்டம்பர் சராசரியில் மோசமான மாதம் என்பது அமெரிக்கச் சந்தையின் நீண்ட வரலாற்றில் உண்மைதான். அதை நம்பி விற்பது வேறு விஷயம்; பல செப்டம்பர்கள் ஏற்றத்திலும் முடிந்திருக்கின்றன.

எக்செல் ஷீட்டின் கடைசி நெடுவரிசையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, எந்த அளவைத் தொட்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று தேதியோடு எழுதிவையுங்கள். செப்டம்பர் முதல் வெள்ளியை ஒட்டி அடுத்த வேலைவாய்ப்பு அறிக்கை வரும். முதலில் திருத்தங்கள் இருக்கும் பத்தியைத் திறங்கள்.