குழந்தையோடு ரயில் விடத் தண்டவாளம் வாங்குகிறீர்களா?

தீபாவளிக்கு மின்சார பொம்மை ரயில் செட் வாங்கிவிட்டு, பள்ளி லீவு முடிவதற்குள் என்னைக் கூப்பிடுகிறவர்கள் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்தில் வருஷா வருஷம் உண்டு. எல்லாம் நான் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளங்கள்தான். ஒயரை மாற்றிச் சொருகுவது மாதிரியானதெல்லாம் தானே பழகிவிடும், விடுங்கள்.

மலிவு என்று இரும்புத் தண்டவாளம் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மோட்டாருக்குப் போகும் 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுகிறது. மேலே துரு படிந்தால் ரயில் நின்றுவிடும். நம் கடற்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகள் கூப்பிட்டாள். "அண்ணே, என்ஜின் போச்சு. பையன் கையால தள்ளினாத்தான் நகருது." நான் போவதற்குள் புது என்ஜினே வாங்கிவிட்டார்கள். அதுவும் அதே வளைவில் அதே இடத்தில் நின்றது. தண்டவாளத்தின்மேல் விரலை ஓட்டினேன், நுனியெல்லாம் காவி. இரண்டு என்ஜினிலும் ஒரு கோளாறும் இல்லை. அவள் வீட்டுக்காரர் உப்புத்தாளால் வேறு தேய்த்து வைத்திருந்தார். அந்தக் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். இரும்பு நார் அதைவிட மோசம், துகளெல்லாம் மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் ஒட்டினால் இரும்பு, அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை. அதுவும் கறுத்துப்போய் மின்சாரத்தைத் தடுக்கும். பழைய சாமான் விற்கும் இடங்களில் பெட்டி பெட்டியாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். கேட்டு வாங்க வேண்டியது நிக்கல் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பாக்மன் கம்பெனியின் ஈ-ஸி டிராக்கில் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் அடித்தளம் கறுப்பு என்றால் இரும்பு, சாம்பல் நிறம் என்றால் நிக்கல் சில்வர். அப்புறம், எப்போதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் நீங்களே துடைத்துவிட்டால் போதும்.

இஷ்டப்படி வளைத்து வெட்டும் தண்டவாளம்

பையனுக்கு மீசை முளைக்கட்டும், பார்க்கலாம்.

கார்பெட்டில் போடுவது

முடியும் நூலும் பற்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஒரு பிளைவுட் பலகை போடுங்கள். அடித்தளம் சேர்ந்தே வரும் தண்டவாளம் சின்னக் கைகளுக்குச் சுலபம். ஆனால் காட்டோவின் கிளிப்பும் பாக்மனின் கிளிப்பும் ஒன்றோடொன்று சேராது. ஒரே கம்பெனியில் நில்லுங்கள்.

மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு

மர ரயில். பேச்சே இல்லை.

"நம்ம ஊர் ரயில் அளவிலேயே வேண்டும்"

தென்னாப்பிரிக்கத் தண்டவாளத்தின் அகலம் 1067 மில்லிமீட்டர். எச்.ஓ. என்கிற மாடல் அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், 12 மில்லிமீட்டர் வரும். கணக்கு சரிதான், ஆனால் கடைகளில் குவிந்து கிடப்பது 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். லிமா கம்பெனி அந்தக் காலத்தில் செய்த நம் ஊர் என்ஜின்களே 16.5-இல்தான் ஓடின. பிள்ளை அளவுகோல் வைத்துப் பார்க்கப்போவதில்லை.

இறுக்கமான வளைவு

ஹார்ன்பி கம்பெனித் தண்டவாளத்தின் முதல் வளைவு ஆரம் 371 மில்லிமீட்டர், இரண்டாவது 438. மேசை சின்னது என்று முதலாவதை வாங்கினால் நீளமான என்ஜின்கள் தடம் புரளும், அதுவும் பிள்ளை வேகத்தைக் கூட்டும்போது. 438-ஐ வாங்குங்கள். அதற்குப் பலகை ஒரு மீட்டர் அகலம் வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்க முடிகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.