பழைய குரோனோகிராப் வாட்ச் சேகரிப்பு: முதல் வாட்சை வாங்கும் முன்

ஸ்டாப்வாட்ச் வேலையும் சேர்த்துச் செய்கிற கைக்கடிகாரம்தான் குரோனோகிராப். பெரும்பாலும் வலப்பக்கம் இரண்டு பட்டன்கள் இருக்கும். மேலே உள்ளதை அழுத்தினால் நடுவிலுள்ள நொடி முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழே உள்ளது முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அரிய வாட்ச் வேண்டுமென்று கிளம்புகிறவர்கள் பெரிய பெயரைக் கண்டதுமே பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். முதலில் கண்ணையும் விரலையும் பழக்குங்கள். வாங்குவது அப்புறம்.

படி 1: உள்ளே ஓடுவது எது என்று கேளுங்கள்

பெயர் பெற்ற பல கம்பெனிகள் குரோனோகிராப் இயந்திரத்தை வெளியில்தான் வாங்கின. 1963-இல் வந்த ரோலக்ஸ் டேடோனாவுக்குள் ஓடியது வால்ஷூ என்ற கம்பெனியின் 72-ஐ அடிப்படையாகக் கொண்ட இயந்திரம். 1957-இல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டருக்குள் ஓடிய 321 என்ற இயந்திரம், லெமானியா என்ற கம்பெனியின் கைவண்ணம். இவை இரண்டிலும் கோட்டைக் கொத்தளம் போலத் தூண்கள் நிற்கும் சிறு சக்கரம் ஒன்று பட்டனின் கட்டளையை வாங்கிக்கொள்கிறது. 1968-இல் ஒமேகா 861-க்கு மாறியபோது, அந்தச் சக்கரத்தின் இடத்தில் தயாரிக்க எளிதான, விளிம்பில் மேடுபள்ளமுள்ள கேம் தகடு வந்தது. 861 உழைப்பில் எந்தக் குறையும் இல்லாதது. ஆனால் சேகரிப்பவர்கள் தூண் சக்கரத்தின் மேல்தான் உயிரை வைத்திருக்கிறார்கள்.

தானாகச் சாவி ஏறும் குரோனோகிராப் வேண்டுமென்றால் 1969-ஐ நினைவில் வையுங்கள். ஜெனித்தின் எல் பிரிமெரோ, ஹோயரும் பிரைட்லிங்கும் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த கேலிபர் 11, சீகோவின் 6139 மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தவை.

படி 2: டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள்

இதற்கு மட்டும் அவசரமே படக்கூடாது. பழைய வாட்சின் மதிப்பில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். முதலில் டயலுக்குள் நிமிடம், மணி எண்ணும் சின்ன வட்டங்களைப் பாருங்கள். பல டயல்களில் அவற்றுக்குள் இசைத்தட்டில் இருப்பது போல நுண்ணிய வளையக் கோடுகள் இருக்கும். வாட்சை மெல்லச் சாய்த்தால் வெளிச்சம் அந்தக் கோடுகளின் மேல் விசிறி போலச் சுழலும். அந்த மாடலில் கோடுகள் இருக்க வேண்டியவை, ஆனால் மொழுமொழுவென்று இருக்கிறதென்றால், மேலே புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்து எழுத்துகள். ஓரம் பிசிறியிருக்கிறதா, நிமிடக் கோடுகள் ஒரே இடத்தில் முடிகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு ஆறு மணிக்குக் கீழே பாருங்கள். சுவிஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் ஆங்கில T எழுத்து இருந்தால், ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் உண்டு. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 12 ஆண்டுதான். 1960-களின் வாட்ச் இருட்டில் விடியவிடிய ஜொலித்தால் பூச்சு புதியது. அதற்கும் முந்தைய பல வாட்சுகளில் ரேடியம் என்ற இன்னொரு கதிர்வீச்சுப் பொருள் இருக்கும். வெளிச்சம் செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. அதனால் வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்கவே கூடாது.

படி 3: பட்டனை அழுத்திப் பாருங்கள்

நொடி முள் கிளம்பும்போது துளி அசைந்தால் பரவாயில்லை, பழைய பல இயந்திரங்களில் அது இயல்பு. தாவிக் குதித்தால்தான் கவலை. அரை மணி நேரம் ஓடவிட்டு, சின்ன வட்டத்திலுள்ள நிமிட முள்ளும் ஒழுங்காக நகர்கிறதா என்று பாருங்கள். நிறுத்துங்கள். பிறகு கீழ்ப் பட்டன். முள் நேராகப் பன்னிரண்டில் வந்து நிற்க வேண்டும். நான் வாங்கிய முதல் வாட்சில் அது ஒரு கோடு தள்ளி நின்றது. விற்றவர் சின்ன விஷயம் என்றார், நம்பினேன். திறந்தபோது முள்ளை அடித்துத் திருப்பும் சுத்தியல் தேய்ந்துபோயிருந்தது. பழைய இயந்திரத்துக்கு அந்தப் பாகம் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது.

ஒரு எச்சரிக்கை: ஓடும்போதே கீழ்ப் பட்டனை அழுத்தாதீர்கள். அதைத் தாங்குவது, ஓடும்போதே முள்ளைத் திருப்பி மறுபடி ஓடவிடும் ஃப்ளைபேக் வகை மட்டும்.

படி 4: கேஸ், காகிதம்

கேஸின், அதாவது வாட்சின் வெளிக்கூட்டின், விளிம்புகள் கூர்மையாக இருக்கட்டும். அதிகமாகப் பாலிஷ் போட்ட வாட்ச் சோப்பு போல வழவழத்துப்போகும், தேய்ந்த உலோகம் திரும்ப வராது. பட்டெக் பிலிப் போன்ற கம்பெனிகள் தம் பதிவேட்டைப் பார்த்துத் தயாரித்த ஆண்டை எழுதித் தருகின்றன. நல்ல துணைதான், ஆனால் இன்றிருக்கும் டயல் அன்று வந்த அதே டயல்தானா என்பதை அந்தத் தாள் சொல்லாது. அதற்கு லென்ஸ்தான்.

படி 5: சர்வீஸ்

வாங்கியதும் பழைய குரோனோகிராப் தெரிந்த கைக்குக் கொடுங்கள். எண்ணெய் வற்றிய இயந்திரத்தை ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். கொடுக்கும்போதே மூன்று விஷயங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் மாற்ற வேண்டாம், கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும் எனக்குத் திரும்ப வேண்டும்.