குளிர் விண்மீன்களின் உமிழ்வுக் கோடுகள்: அகலத்தை அளக்கும்போது நேரும் தவறுகள்

சூரிய வகை விண்மீன்கள், அவற்றைவிடக் குளிர்ந்த விண்மீன்கள் ஆகியவற்றின் நிறமாலையில், ஊதா முனையில் 3934 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) அருகே கால்சியம் அயனியின் ‘கே’ கோடு கரும்பட்டையாகக் கிடக்கும். அந்தக் கருமையின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று எழும். அது விண்மீனின் நிறமண்டலத்திலிருந்து, அதாவது ஒளிரும் மேற்பரப்புக்கு மேலே உள்ள வாயு அடுக்கிலிருந்து, வருவது. விண்மீனின் உண்மையான ஒளித்திறன் கூடக்கூட இந்தக் கீற்றும் அகன்றுகொண்டே போகிறது என்பதை 1957இல் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் நிறுவினார்கள். அகலத்தின் மடக்கையை வைத்து வரைந்தால், குறுமீன் (சூரியனைப் போன்ற சிறிய விண்மீன்) முதல் மீப்பெருமீன் (மிகப் பெரிதாக உப்பிய விண்மீன்) வரை, ஏறத்தாழ 15 பொலிவெண் (ஒளியின் அளவைக் குறிக்கும் எண்; எண் குறைந்தால் ஒளி அதிகம்) அளவுக்கு, ஒரே நேர்கோடு! இன்றும் என்னை வியக்க வைக்கும் உறவு இது.

இதில் மாணவர்கள் செய்யும் முதல் தவறு, என் பார்வையில் மிகப் பெரிய தவறும்கூட, கீற்றின் அகலத்தையும் அதன் வலிமையையும் ஒன்றாகக் கருதுவது. கீற்று பளிச்சென்று இருந்தால் விண்மீனும் பேரொளி கொண்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வலிமை சொல்வது வேறு கதை: காந்தச் செயல்பாடு, சுழற்சி, வயது. இளமையான, வேகமாகச் சுழலும் குறுமீனில் கீற்று வலுவாக இருக்கும். ஆனால் குறுகியதாகவே இருக்கும். வயதான பெருமீனில் மங்கலாக, ஆனால் அகன்று இருக்கலாம். வில்சனும் பாப்புவும் கண்டதன் சிறப்பே, வலிமை எப்படி மாறினாலும் அகலம் பெரிதாக அசைவதில்லை என்பதுதான்.

அதேபோல, இங்கே பேசப்படுவது தனிப் பொலிவெண், அதாவது விண்மீனின் உண்மையான ஒளித்திறனைக் குறிக்கும் எண். வானில் கண்ணுக்குத் தெரியும் பொலிவு அல்ல. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் தொலைவைக் கணக்கிடுகிறோம்.

அடுத்தது மடக்கையை (பத்தை அடியாகக் கொண்ட log) மறப்பது. ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அளந்த தொலைவுகளைக் கொண்டு 2003இல் வெளியான அளவீட்டின்படி, தனிப் பொலிவெண் = 33.2 − 18.0 × மடக்கை(அகலம்). அகலத்தை அதற்கு இணையான டாப்ளர் வேகமாக மாற்றி, வினாடிக்குக் கிலோமீட்டரில் போட வேண்டும். ஆங்ஸ்ட்ராமில் அளந்ததை அப்படியே போட்டால் விடை அபத்தமாகும். இந்த இடத்தில் 1 ஆங்ஸ்ட்ராம் என்பது சுமார் 76 கி.மீ./வினாடி. 18 என்ற அந்தப் பெருக்கெண்ணைக் கவனியுங்கள். அகலம் இரு மடங்கானால் ஒளித்திறன் ஏறக்குறைய 150 மடங்காகிறது. அகலத்தில் வெறும் 10 விழுக்காடு பிழை வந்தாலே ஒளித்திறன் இரட்டிப்பாகத் தெரியும். தொலைவு 40 விழுக்காடு பிசகும்.

அதனால்தான் கருவியால் வரும் அகலிப்பை நீக்காமல் விடுவது இவ்வளவு கெடுதல். நிறமாலைமானி தன் பங்குக்கு 15 கி.மீ./வினாடி சேர்க்கிறது என்று கொள்வோம். வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்தால், 90 கி.மீ./வினாடி அகலமுள்ள பெருமீனுக்கு ஒன்றரை விழுக்காடுகூட மாறாது. 35 உள்ள குறுமீனோ 38 ஆகிவிடும். முக்கால் பொலிவெண்ணுக்குச் சற்றுக் குறைவான பிழை. குறுமீன்கள் மட்டும் நகர்வதால் நேர்கோட்டின் சாய்வே மாறிப்போகிறது. இந்த அகலிப்பைச் சிலர் நேரடியாகக் கழிப்பார்கள், சிலர் வர்க்கங்களைக் கழிப்பார்கள். எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறோமோ அதை உருவாக்கியவர்களின் முறையையே பின்பற்ற வேண்டும். அகலத்தைக் கீற்றின் எந்த உயரத்தில் அளப்பது என்பதற்கும் இதே விதிதான்.

விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவிலும் கால்சியம் அயனி உண்டு. அது கீற்றின் ஒரு பக்கத்தை அரித்துவிட்டால் அகலம் குறைந்து தெரியும். தொலைவிலுள்ள மீப்பெருமீன்களில் இதை அவசியம் சரிபாருங்கள்.

காரணம் சொல்லும்போதும் சறுக்குகிறோம். ‘கொந்தளிப்பு கூடுவதால் கோடு அகல்கிறது’ என்ற விளக்கம் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 1979இல் தாமஸ் ஏயர்ஸ் வேறொன்றைச் சுட்டினார். உப்பிய பெருமீனில் ஈர்ப்பு குறைவு. அதனால் அதன் நிறமண்டலத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மேலே நிற்கும் வாயு அதிகம். வாயு அதிகமானால், கோட்டின் மையத்திலிருந்து தள்ளியுள்ள அலைநீளங்களிலும் அது ஒளிபுகாததாகிறது. கீற்றின் ஓரங்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அகலம் முதன்மையாக ஈர்ப்பைத்தான் காட்டுகிறது. ஒளித்திறன் அதன் வழியாக வந்து சேர்கிறது.

இந்த உறவு ஜி, கே, எம் வகை விண்மீன்களுக்கே, அதாவது சூரியனைப் போன்றவற்றுக்கும் அதைவிடக் குளிர்ந்தவற்றுக்குமே, உரியது. அங்கும் ஒற்றை விண்மீனுக்கு அரைப் பொலிவெண்ணுக்கு மேல் சிதறல் இருக்கும். ஆகவே ஒரே ஒரு விண்மீனின் தொலைவுக்கு இதை நம்புவதைவிட, ஒரு கொத்திலுள்ள பல விண்மீன்களை அளந்து சராசரி எடுப்பதே நல்லது.