முதல் போன் நல்ல செய்திக்கு இருக்கட்டும்

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கம் பல பிள்ளைகள் பாட்டி வீட்டிலிருந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். அப்பா, அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். பள்ளியிலிருந்து போன் என்றாலே "என்ன ஆச்சோ" என்று அவர்களுக்குப் பதறும். அதனால் ஆசிரியர்களே, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் நீங்கள் பேசும் முதல் போன் நல்ல செய்தியாக இருக்கட்டும். "உங்க பொண்ணு இன்னைக்கு ஒரு பக்கம் தடுமாறாம வாசிச்சாம்மா." இதற்கு ஒரு நிமிடம் போதும். அப்புறம் லீவு, மார்க் பற்றிப் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாமல், அரை நிமிடம் பேசி அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். கர்நாடக எல்லையை ஒட்டிய தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் தெலுங்கிலோ கன்னடத்திலோ நாலு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெற்றோரைக் கூப்பிடும் கூட்டம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். பாலக்கோட்டில் தக்காளி பறிக்கப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நேரத்தைக் குறிக்கும் முன் இரண்டு அம்மாக்களிடம் கேட்டுவிடுங்கள். வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசாதீர்கள், முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்.