சென்சாரில் தூசியா? துடைக்கும் முன் அளந்து பாருங்கள்

தொலைநோக்கியில் கேமரா பொருத்தி எடுத்த நெபுலா படத்தை ஸ்ட்ரெட்ச் செய்ததும் (மங்கலான பகுதிகள் தெரியும்படி வெளிச்சமாக்கியதும்) வானப் பின்னணியில் மங்கலான வட்டங்கள் எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் கேமராவைக் கழற்றித் துடைக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். அந்தத் தூசி சென்சாரில்தான் இருக்கிறது என்று இன்னும் தெரியாது. ஃபில்டரிலோ, குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸான ரெட்யூசரிலோ இருக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த சென்சார்களில் பல, துடைக்கவே தேவையில்லாதவை.

படத்தில் தெரிவது தூசியின் உருவம் அல்ல. ஒளிக்கற்றையில் குறுக்கிட்ட தூசி, தொலைநோக்கி வாயின் வடிவில் நிழலாக விழுகிறது. அதனால்தான் லென்ஸ் தொலைநோக்கியில் அது நிறைந்த வட்டமாகவும், நடுவில் துணைக் கண்ணாடி உள்ள நியூட்டோனியன், ஷ்மிட்-காசிகிரெய்ன் வகைகளில் டோனட் போல ஓட்டையோடும் தெரியும். தூசி சென்சாரை நெருங்க நெருங்க நிழல் சிறுத்துக் கறுக்கும். தள்ளிப் போகப் போக விரிந்து வெளிறும். எனவே நிழலின் அளவை வைத்தே தூசியின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

கணக்கு எளிது. வட்டத்தின் விட்டத்தைப் பிக்சலில் அளந்து, பிக்சலின் அளவால் (மைக்ரானில்) பெருக்கி, எஃப் எண்ணால் (குவியத் தூரத்தைத் தொலைநோக்கி வாயின் விட்டத்தால் வகுத்தது) மீண்டும் பெருக்குங்கள். 3.76 மைக்ரான் பிக்சல், எஃப்/5 தொலைநோக்கி, 150 பிக்சல் வட்டம் என்றால் 2,820 மைக்ரான். அதாவது சென்சாரிலிருந்து சுமார் 2.8 மி.மீ. அதே அமைப்பில் 1,300 பிக்சல் வட்டம் என்றால் 24 மி.மீ. தாண்டிவிடும். பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) செய்திருந்தால் பிக்சல் அளவையும் அதற்கேற்பப் பெருக்க மறக்காதீர்கள். சென்சாரைக் குளிரூட்டும் கேமராக்கள் பலவற்றில் முகப்பிலிருந்து சென்சார் வரை 17.5 மி.மீ. இடைவெளி. விடை அதற்கு மேல் வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள், ஃபில்டரைப் பாருங்கள்.

ஃபில்டர் வீலில் ஃபில்டரை மாற்றிப் பார்த்தும் உறுதி செய்யலாம்: வட்டம் மறைந்தால் குற்றவாளி அந்த ஃபில்டர். ஒரு ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை மட்டும் பிடிக்கும் திருத்தப் படம்) எடுத்து, கேமராவை மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு ஃபிளாட் எடுங்கள். வட்டம் படத்தில் அதே இடத்தில் நின்றால் தூசி கேமராவில். இடம் மாறினால் அதற்கு முன்னால்.

முதல் மருந்து ஃபிளாட்தான். அன்றைய படப்பிடிப்பு முடிந்ததும் ஃபோகஸையோ கேமராவின் கோணத்தையோ தொடாமல், ஒவ்வொரு ஃபில்டருக்கும் 20 முதல் 30 ஃபிளாட்கள் எடுங்கள். ஹிஸ்டோகிராமின் (பிரகாச வரைபடத்தின்) மேடு நடுவை ஒட்டி, சற்றே இடப்புறம் நிற்கட்டும். ஃபிளாட் எடுக்க முன்னால் வைக்கும் ஒளிப்பலகை மினுக்கும் என்பதால் எக்ஸ்போஷர் 1 முதல் 3 வினாடி வரை இருப்பது நல்லது. ஃபிளாட்டுக்கே உரிய டார்க் ஃபிளாட்களும் (அதே எக்ஸ்போஷரில் மூடி போட்டு எடுத்தவை) வேண்டும்.

ஃபிளாட் போட்டும் வட்டம் போகவில்லையா? அதன் நிறம் காரணத்தைச் சொல்லும். சில வட்டங்கள் மட்டும் கறுப்பாக நின்றால், அந்தத் தூசி ஃபிளாட் எடுத்தபோது அங்கே இல்லை. வெளுப்பாகத் தெரிந்தால், ஃபிளாட்டில் இருந்த தூசி படத்தில் இல்லை. கறுப்பும் வெளுப்பும் பக்கத்தில் பக்கத்தில் புடைப்புச் சித்திரம் போலத் தெரிந்தால், தூசியோ கேமராவோ நகர்ந்திருக்கிறது. எல்லா வட்டங்களும் கறுப்பாக நின்றால், ஃபிளாட்டிலிருந்து பயஸ் (மூடி போட்டு மிகக் குறுகிய எக்ஸ்போஷரில் எடுத்தது) அல்லது டார்க் ஃபிளாட் கழிக்கப்படவில்லை. எல்லாமே வெளுத்தால் படத்திலிருந்து டார்க் (படத்தின் அதே எக்ஸ்போஷரில் மூடி போட்டு எடுத்தது) கழிக்கப்படவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். இதற்கெல்லாம் சென்சாரைத் துடைத்துப் பயனில்லை.

ஃபிளாட்டைச் சரியாக எடுத்தும் தீராத கறுத்த புள்ளி என்றால்தான் துப்புரவு. குளிரூட்டியை நிறுத்தி, கேமரா அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து, கையால் அழுத்தும் ரப்பர் ஊதியை முதலில் வெற்றுக் காற்றில் நாலைந்து முறை அழுத்திவிட்டு, நுனி கண்ணாடியைத் தொடாமல் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்று டப்பாவோ திரவத்தைக் கக்கிக் கண்ணாடியில் கறை போடும். ஊதியதும் ஃபிளாட் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

ஒட்டிய தூசி என்றால், குளிரூட்டும் கேமராவின் முன் கண்ணாடிக்கு லென்ஸ் டிஷ்யூவில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுழற்றித் துடையுங்கள். ஒரு முறை துடைத்த தாளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். திரவம் கூடினால் விளிம்பில் காய்ந்த கோடு விழும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பசையையும் கரைக்கும். மூடிய அறை இல்லாத டிஎஸ்எல்ஆர் சென்சாருக்கு அதன் உயரத்துக்கேற்ற ஸ்வாப் (துடைக்கும் தட்டைக் குச்சி): ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாருக்கு 16 மி.மீ., முழுச் சட்டகத்துக்கு 24 மி.மீ. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி எதிர்த்திசையில் ஒன்று, பிறகு குப்பையில்.

குளிரூட்டும் கேமராவின் மூடிய அறைக்குள் இருக்கும் தூசியை, ஃபிளாட்டால் சரியாகிவிடுகிறது என்றால் அப்படியே விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். திறந்தால் ஈரக்காற்று புகும்; உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகளையும் மாற்ற வேண்டியிருக்கும். குளிரூட்டத் தொடங்கிய பின் நடுவில் படர்ந்து வளரும் கறை தூசியே அல்ல, உறைபனி. அதற்கு மருந்து துடைப்பு அல்ல, புது மாத்திரை.

கோள் படம் எடுப்போருக்கு எஃப்/20, எஃப்/25-இல் இதே தூசி ஊசிமுனைப் புள்ளியாகக் கறுத்து நிற்கும். பதிவைத் தொடங்கும் முன் வியாழனைச் சட்டத்துக்குள் மெல்ல நகர்த்திப் பாருங்கள். கோள் நகர்ந்தும் நகராத புள்ளி தூசி. அதைத் தவிர்த்து வேறு இடத்தில் கோளை நிறுத்திப் பதிவு செய்யுங்கள்.