புதிய அலுவலகக் கட்டடம் காலியாகக் கிடப்பது ஏன்? உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டி, பெருங்குடி, போரூர் என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும், கண்ணாடி முகப்போடு புதிதாக எழுந்து மாதக்கணக்கில் விளக்கெரியாமல் நிற்கும் கட்டடம் ஒன்றாவது கண்ணில் படும். பெரிய ஐடி பூங்காக்களை விட்டுவிடுவோம். அவற்றை வாடகைக்கு விடுவதற்கென்றே தனிக் குழு இருக்கிறது. சொந்த மனையில் வங்கிக் கடன் வாங்கி முப்பதாயிரம் சதுர அடி கட்டிவிட்டு, 'டூ லெட்' போர்டு மாட்டிக் காத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். "மார்க்கெட் சரியில்லை" என்று அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே தெருவில் வேறு கட்டடங்கள் நிரம்புகின்றனவே!

வாடகையில் பிடிவாதம்தான் முதல் தவறு. பக்கத்துக் கட்டடம் சதுர அடி 75 ரூபாய்க்குப் போனதாகக் காதில் விழுந்திருக்கும். அது மேசை, நாற்காலி, ஏசி எல்லாம் போட்டுக் கொடுத்த இடமா, வெறும் சுவரும் தரையுமா, எத்தனை மாதம் வாடகை இல்லாமல் விட்டார்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வதில்லை. 68 ரூபாய்க்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, 75 கிடைக்கும் என்று ஆறு மாதம் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் சதுர அடிக்கு மாதம் 20 லட்சத்து 40 ஆயிரம் வீதம், ஆறு மாதத்தில் கைவிட்டுப் போனது 1 கோடியே 22 லட்சம். பிறகு 75 கிடைத்தாலும் மாதம் கூடுதலாக வருவது 2 லட்சத்து 10 ஆயிரம்தான். விட்டதைப் பிடிக்க 58 மாதம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் கட்டிய வட்டி இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

மெட்ரோ வரப்போகிறது என்று இன்றைக்கே வாடகையை ஏற்றுவதும் இதே ரகம். மாதவரம்–சிப்காட் தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாக வருவது உண்மை. ஆனால் ரயில் ஓடத் தொடங்கும் வரை, ஊழியர்கள் இன்றைய நெரிசலில்தான் வந்து போக வேண்டும். அதை வைத்துத்தான் நிறுவனம் விலை பேசும்.

சதுர அடிக் கணக்கை மூடி மறைப்பதும் பலிப்பதில்லை. 'பத்தாயிரம் சதுர அடி' என்ற சூப்பர் பில்ட்-அப் கணக்கில் படிக்கட்டு, லிப்ட், வரவேற்புக்கூடம் எல்லாம் அடக்கம். மேசை போடக் கிடைப்பது ஏழாயிரமாக இருக்கலாம். நிறுவனத்தின் கட்டட வடிவமைப்பாளர் லேசர் கருவியோடு வந்து அளந்து, ஓர் இருக்கைக்கு எவ்வளவு வாடகை விழுகிறது என்று பார்ப்பார். கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் உண்மையில் புழங்கக் கிடைக்கும் பரப்பை, முதலிலேயே வரைபடத்தோடு கொடுத்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

இடம் பார்க்க வருகிறவர்களை உரிமையாளர் கிரானைட் பதித்த முகப்பில் நிறுத்திப் பெருமையாகப் பேசுவார். அவர்களில் பராமரிப்புப் பொறுப்பாளர் மட்டும் சத்தமில்லாமல் அடித்தளத்துக்கு இறங்கிப் போயிருப்பார். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் கண்ட ஊர் இது. ஜெனரேட்டரும் மின் பலகையும் அடித்தளத்தில் இருக்கின்றனவா, தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு மின்சாரம் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்றுதான் அவர் முதலில் கேட்பார். அடுத்து ஏசி. நான்கு தளத்துக்கு நான்கு நிறுவனம் வந்தால், வெளிப்பெட்டிகளை எங்கே வைப்பது? இதற்கு இடம் விடாத கட்டடத்தில், முதல் வாடகைதாரர் வந்ததுமே கண்ணாடி முகப்பில் அவற்றைத் தாங்க இரும்புச் சட்டம் அடிக்க வேண்டியிருக்கும். நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை வைத்திருப்பவர்களை என்ன சொல்வது? வாகன நிறுத்தத்திலும் காருக்குக் கோடு போட்டுவிட்டு, ஊழியர்கள் ஓட்டி வரும் இருசக்கர வாகனங்களை மறந்துவிடுகிறார்கள். இவையெல்லாம் வரைபடத்தில் பென்சிலால் திருத்தியிருக்க வேண்டியவை. கட்டி முடித்தபின் சரிசெய்வது பெருஞ்செலவு.

காகிதம் முடியும் முன்பே ஆள் தேடுவது இன்னொரு தவறு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, இவ்வளவு பெரிய வணிகக் கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர் இணைப்போ கிடைக்காது. அனுமதித்த வரைபடத்தை மீறி ஓர் அறையை நீட்டியிருந்தாலும் சான்றிதழ் அங்கேயே சிக்கிக்கொள்ளும். நல்ல நிறுவனத்தின் வழக்கறிஞர் இந்தச் சான்றிதழையும், தீயணைப்புத் துறைச் சான்றையும், கட்டடம் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்தையும் கேட்காமல் கையெழுத்துக்கு விடமாட்டார். "இரண்டு வாரத்தில் வந்துவிடும்" என்று மூன்று மாதம் இழுத்தால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

மொத்தக் கட்டடத்தையும் ஒரே ஆள் எடுக்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அதற்காக, முதலில் வந்தவர் உணவகம் நடத்துகிறவர் என்றால் புகைபோக்கிக்கு வழி யோசிக்காமல் தரைத்தளத்தைக் கொடுத்துவிடவும் வேண்டாம். மேல்தளத்துக்கு வரவிருக்கும் நிறுவனம் தாளிப்பு வாசனையிலேயே திரும்பிவிடும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது லாக்-இன், அதாவது வாடகைதாரர் காலி செய்யக் கூடாத காலம். ஒன்பது ஆண்டு குத்தகை, மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, முதல் மூன்றாண்டு வாடகைதாரர் காலி செய்யக் கூடாது என்பது பரவலான ஏற்பாடு. உள்வேலைக்காகச் சில மாதம் வாடகை இல்லாமல் விடுவதும் வழக்கம்தான். அதில் முகம் சுளிப்பதில் பயனில்லை. ஆனால் லாக்-இன் சாவி கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறதா, வாடகை தொடங்கும் நாளிலிருந்தா என்று பாருங்கள். சாவி கொடுத்த நாள் என்று எழுதிவிட்டால், இலவசமாக விட்ட மாதங்கள் அந்த மூன்றாண்டுக்குள்ளேயே கரைந்துவிடும். இப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தால், மூன்றாண்டு லாக்-இன் என்று எழுதியதை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம்.

ஜிஎஸ்டியைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விடுவது சிலரைக் கவிழ்த்திருக்கிறது. வணிக வாடகைக்கு 18 சதவீதம். மென்பொருள் நிறுவனம் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளும். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் மருத்துவமனையால் அப்படி முடியாது, 18 சதவீதமும் அதற்குச் செலவுதான். உரிமையாளர் பதிவு பெறாதவராகவும் வாடகைதாரர் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வரி கட்டும் பொறுப்பு பொதுவாக வாடகைதாரர் தலையில் விழுகிறது. ஆகவே முதல் சந்திப்பிலேயே வாடகை, பராமரிப்புக் கட்டணம், வரி மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.