சீன வாள்வீரர் படத்தை ஊரோடு பார்த்துப் பேசுவது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பாம்பனில் அந்த இரண்டு மாதமும் ஆண்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் லீவு, கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் உள்ள உறவும் பழக்கமும் வந்து போகும். மூன்று தலைமுறையை ஒரே இடத்தில் உட்கார வைத்துப் படம் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் வேண்டியவர்கள் கூடிப் படம் பார்ப்போம், முடிந்ததும் பேசுவோம். எங்கள் பேச்சை அதிகம் கிளப்பிவிட்டவை சீன வாள்வீரர் படங்கள். நீங்களும் உங்கள் தெருவில் இப்படிச் செய்ய நினைத்தால், எங்களுக்குக் கைகொடுத்த முறையை எழுதி வைக்கிறேன்.

முதல் படமாக 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' போடுங்கள். 2000-இல் வந்தது, ஆங் லீ இயக்கியது, இரண்டு மணி நேரம். ஏன் இதையே சொல்கிறேன் என்றால், அபிப்பிராயம் இரண்டாகப் பிரியாமல் இந்தப் படத்தை எந்தக் கூட்டத்தாலும் பார்த்து முடிக்க முடியாது. உலகத்திலேயே அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் சுமார் 128 மில்லியன் டாலர் வசூல். ஆங்கிலம் அல்லாத ஒரு படம் அங்கே அவ்வளவு ஓடியது அதுவரை இல்லை. 2001-இல் நான்கு ஆஸ்கர். ஆனால் சீனாவில் வரவேற்பு சுமார்தான். வாள்சண்டைப் படங்களிலேயே வளர்ந்தவர்கள், 'இதில் புதிதாக என்ன இருக்கிறது, சண்டையும் குறைவு' என்று கேட்டார்கள்.

இந்த விவரத்தைப் படத்துக்கு முன்னால் சொல்லாதீர்கள். ஆஸ்கர் என்ற பெயர் காதில் விழுந்துவிட்டால், பிடிக்காதவர்கள் தங்களுக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்து வாயைத் திறக்க மாட்டார்கள். அப்புறம் பேச்சே இல்லை. எல்லாரும் ஒரு சுற்றுப் பேசி முடித்தபிறகு சொல்லுங்கள்.

இடம் பற்றிச் சுருக்கமாக. எங்கள் பக்கத்தில் மே மாதக் காற்றுக்குத் துணித்திரை நிற்காது; சுண்ணாம்பு அடித்த சுவரில் காட்டுங்கள். ஒலிபெருக்கியைச் சுவர் ஓரத்தில் வைக்காமல் பார்ப்பவர்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்தப் படத்தில் டான் டுன் இசையமைப்பில் யோ-யோ மா வாசித்த செல்லோவும், முதல் கூரைச் சண்டைக்கு அடிக்கும் மேளமும் பாதி உயிர். அதைக் காற்று தின்றுவிடக் கூடாது.

படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஆட்களை அறிமுகப்படுத்துங்கள். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க" என்ற குறை பத்து நிமிடத்தில் வரும், அதற்கு முன்பே உடையைக் காட்டிக் கொடுத்துவிட வேண்டும். இது என் தொழில் என்பதால் எனக்கு எளிதாக வருகிறது. வீட்டில் அடுக்கடுக்காகப் பட்டு உடுத்தியிருக்கும் அதிகாரி வீட்டுப் பெண் ஜென். அவளே இரவில் கறுப்பு உடையும் முகமூடியுமாக வருவாள், பிறகு ஆண்வேடத்தில் விடுதிக்குள் நுழைவாள். சிக்கனமான உடையில், நடமாட வசதியாக இருப்பவர் ஷூ லியென். பாலைவனத்தில் காட்டு முடியோடு வருபவன் லோ. இவ்வளவு போதும். கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

படம் பேசுவது சீன மொழி; கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படிக்க முடியாதவர்கள் பாதிப்பேர் இருப்பார்கள். கல்லூரி போகும் பிள்ளை ஒருத்தியை முன்னால் உட்கார வைத்து, வசனத்தின் சாரத்தை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வரிக்கு வரி வேண்டாம். சண்டை நடக்கும்போது அவள் வாயே திறக்கக் கூடாது.

இடைவேளை எங்கே விடுவது என்பதில் கவனமாக இருங்கள். நடுவில் படம் பாலைவனத்துக்குப் போய், ஜென்னும் லோவும் சந்தித்த பழைய கதையை நீளமாகச் சொல்லும். அது தொடங்கும் இடத்தில் டீ கொடுத்தால், திரும்பி வந்து உட்காருகிறவர்களுக்கு வேறு படம் ஓடுவது போலத் தெரியும். அந்தப் பழைய கதை முடிந்தபிறகே விளக்கைப் போடுங்கள்.

இனி முக்கியமான வேலை. படம் முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். நல்லாருந்துச்சு, நல்லால்ல என்று இரண்டு பதில் வரும், அதோடு செருப்பைத் தேடுவார்கள். "எந்த இடத்துல உங்களுக்கு ஒட்டல?" என்று கேளுங்கள். பிடித்தவர்களுக்கும் ஒட்டாத இடம் ஒன்று இருக்கும், பிடிக்காதவர்கள் தயங்காமல் தொடங்குவார்கள். யார் முதலில் பேசுவது என்பதும் உங்கள் கையில் இருக்கட்டும். மாமனாரும் பெரியப்பாவும் முதலில் பேசிவிட்டால் மருமகள்கள் அவரவர் கருத்தை முழுங்கிவிடுவார்கள். பிள்ளைகளில் தொடங்கி, பெண்களிடம் போய், பெரியவர்களிடம் கடைசியில் வாருங்கள். மரியாதை குறைவதாக யாரும் நினைப்பதில்லை. கடைசிச் சொல் அவர்களுடையது என்றால் அவர்களுக்கும் சம்மதம்தான்.

முதலில் வருவது எப்போதும் பறக்கிற விஷயம். "மனுசன் எப்படிப் பறப்பான், நம்புற மாதிரியா இருக்கு?" இதற்கு 'அது கற்பனை, அப்படித்தான்' என்று பதில் சொல்லி வாயை அடைக்காதீர்கள். நம்முடைய சித்தர் கதைகளில் போகர் குளிகையின் துணையால் சீனத்துக்கே பறந்து போகிறார், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். ஆகவே பறப்பது முடியுமா என்று விவாதிப்பதில் பயனில்லை, யார் பறக்கிறார் என்று பார்க்க வேண்டும். முதல் கூரைச் சண்டையை மறுபடியும் ஓட்டிக் காட்டுங்கள். முகமூடி போட்ட ஜென் மேலே மேலே போகப் பார்க்கிறாள். ஷூ லியென் அவளைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தரைக்கு இழுக்கிறார். ஒருத்தி கட்டுகளிலிருந்து தப்பப் பார்க்கிறவள், இன்னொருத்தி கடமையோடு மண்ணில் நிற்கிறவள். இரண்டு பேருடைய குணமும் வசனமில்லாமல் அந்தச் சண்டையில் வந்துவிடுகிறது. இதைக் காட்டிய பிறகும் "எனக்குப் பிடிக்கல" என்று ஒருவர் சொன்னால், அது முதலில் சொன்னதைவிடக் கனமான கருத்து. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூங்கில் காட்டுச் சண்டைக்கு நான் வேறு ஆளைப் பேச விடுவேன். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா எங்கள் கூட்டத்தில் உண்டு. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்குகிறவர். மூங்கில் நுனியில் அவர்கள் அசைந்து நிற்பதைப் பார்த்து அவர் சொன்னார்: "தண்ணிக்குள்ள உடம்பு இப்படித்தான இருக்கும். லேசா ஒரு ஒதை விட்டா மேல போயிரும்." அதுவரை கிண்டல் செய்துகொண்டிருந்த பையன்கள் அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். உங்கள் தெருவிலும் உடம்பால் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். படம் பற்றி அதிகம் படித்தவர்களுக்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள்.

அந்தக் காட்சி எடுத்த விதத்தையும் சொல்லலாம். ஜெஜியாங் மாகாணத்து அஞ்சி மூங்கில் காட்டில் நடிகர்களையே கம்பியில் தொங்கவிட்டு எடுத்தார்கள், கம்பிகளைப் பிறகு கணினியில் அழித்தார்கள். சண்டை அமைத்தவர் யுவென் வூ-பிங். மூங்கில் காட்டுச் சண்டைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வழி போட்டவர் கிங் ஹூ என்ற இயக்குநர். வித்தை தெரிந்தால் மயக்கம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் மதிப்புக் கூடத்தான் செய்தது.

சிலம்பம் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்கள் குறை வேறாக இருக்கும். 'கம்பியில் தூக்கிவிட்டால் கால்வரிசை எங்கே?' என்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குப் பயிற்சிக்கூடச் சண்டையைப் போட்டுக் காட்டுங்கள். அங்கே பறப்பு கிட்டத்தட்ட இல்லை. ஷூ லியென் ஒவ்வோர் ஆயுதமாக எடுக்க எடுக்க, ஜென் கையில் இருக்கும் வாள் ஒவ்வொன்றையும் வெட்டிப் போடுகிறது. ஆயுதம் மாறும்போது தூரமும் அடியும் மாறுவதைச் சிலம்பக்காரர்கள் நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஷூ லியெனாக வரும் மிஷெல் யோ இந்தப் படப்பிடிப்பில் முழங்காலில் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்தவர் என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். பிறகு கடைசி நொடிக்கு வாருங்கள். உடைந்த வாளோடு ஷூ லியென் ஜெயித்துவிட்டார், வாள்முனை ஜென்னின் கழுத்தில் நிற்கிறது, வெட்டவில்லை. ஜென் அந்த நேரத்தில் அவர் கையைக் கீறிவிடுகிறாள். யார் வென்றார் என்று கேட்டுப் பாருங்கள், வாத்தியாருக்கும் சிஷ்யனுக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

படத்தின் வில்லி ஜேட் ஃபாக்ஸ் பற்றிய பேச்சு தானாக வராது, நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் வலிக்கிற பாத்திரம் அவள்தான். படத்தின் நாயகன் லீ மூ பாயின் குரு அவளைப் படுக்கைக்குச் சேர்த்துக்கொண்டார், பெண் என்பதால் வித்தை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அவரைக் கொன்று, வித்தை எழுதிய ஏட்டைத் திருடினாள். எழுத்து விளங்காததால் படங்களை வைத்துக் கற்றாள். அவளிடம் கற்ற ஜென் எழுத்தையும் படித்து, குருவைத் தாண்டிப் போய், அதை மறைத்தும் வைத்தாள். கொலை கொலைதான் என்பார்கள் பெரியவர்கள். "சொல்லிக் கொடுத்திருந்தா அவ ஏன் கொல்லப் போறா?" என்று ஒரு பெண் குரல் வரும். இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த முயலாதீர்கள். படத்தின் சண்டைகளையெல்லாம் பிறப்பித்தது அந்த ஒரு மறுப்பு என்பது என் கருத்து. அதை நான் கடைசியில் சொல்வேன், முதலில் அல்ல.

இளைஞர்கள் 'இழுவை' என்பார்கள். முதல் சண்டை வரச் சுமார் கால் மணி நேரம் ஆகிறது, உண்மைதான். ஒப்புக்கொண்டு மேலே போங்கள்.

மலேசியாவில் பல காலம் இருந்து திரும்பிய ஒருவராவது நம் கரையில் எந்தத் தெருவிலும் கிடைப்பார். அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா, மிஷெல் யோவைக் கண்டதும் "ஈப்போ பொண்ணு" என்றார். ஜேட் ஃபாக்ஸாக வரும் செங் பெய்-பெய், 1966-லேயே கிங் ஹூ படத்தில் வாள்வீராங்கனையாக நடித்தவர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நாயகி, இன்றைக்கு வில்லி என்று தெரிந்ததும், ஜேட் ஃபாக்ஸை வெறுத்தவர்கள் கொஞ்சம் நிதானித்தார்கள். சீனாவில் எழுந்த இன்னொரு குறையையும் இவரைப் போன்றவர்களை வைத்து விளக்கலாம். மிஷெல் யோவும், லீ மூ பாயாக வரும் சோவ் யுன்-ஃபாட்டும் படத்தில் பேசும் மாண்டரின் சீன மொழியைப் பேசி வளர்ந்தவர்கள் இல்லை, அவர்களுடைய உச்சரிப்பு அந்த மொழிக்காரர்களின் காதில் உறுத்தியது. நம் காதுக்கு அது தெரியவே தெரியாது. ஒரே படம் ஓர் ஊருக்குக் குறையோடும் இன்னோர் ஊருக்குக் குறையில்லாமலும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

முடிவுக்கு நேரம் ஒதுக்குங்கள். லீ மூ பாய் விஷ ஊசியால் சாகிறார். ஜென் வூடாங் மலைக்குப் போய், மறுநாள் காலையில் மலையிலிருந்து குதிக்கிறாள், மேகத்துக்குள் மிதந்து போகிறாள். செத்தாளா, பறந்தாளா? கை தூக்கச் சொல்லி எண்ணாதீர்கள்; எண்ணிவிட்டால் குறைவாக வந்த பக்கம் பேச்சை நிறுத்திவிடும். பாலைவனத்தில் லோ சொல்லும் கதையைத் திரும்பப் போடுங்கள். நோயாளிப் பெற்றோருக்காக மலையிலிருந்து குதித்த பையனுக்குக் காயமே படவில்லை, வேண்டுதல் பலித்தது, அவன் திரும்பி மட்டும் வரவில்லை. அப்படியென்றால் ஜென் குதிக்குமுன் என்ன வேண்டிக்கொண்டிருப்பாள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். லீயின் உயிரைக் கேட்டாள் என்றார் ஒருவர். குற்ற உணர்ச்சியில் விழுந்தாள் என்றார் இன்னொருவர். யாருக்கும் மனைவியாகவும் சிஷ்யையாகவும் இருக்க விரும்பாதவளுக்குத் தரையில் இடமில்லை என்றாள் தமிழ் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை.

கூட்டம் இதை ரசித்தால் அடுத்து 'ஹீரோ' போடுங்கள். 2002, ஜாங் யீமோ இயக்கியது, ஜெட் லீ நடித்தது. ஒரே சம்பவத்தை வேறு வேறு நிறங்களில் வேறு வேறு விதமாகச் சொல்லும் படம். சின் நாட்டு அரசனைக் கொல்ல வந்தவன் கடைசியில் கொல்லாமல் நின்றுவிடுகிறான். நாடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக ஒரு கொடுங்கோலனை விட்டுவிடலாமா என்று உலகம் முழுக்க வாதம் நடந்தது. ஓட்டம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான், ஆனாலும் அன்றைக்கு இருட்டியவுடன் தொடங்கிவிடுங்கள். பேச்சு படத்தைவிட நீளும்.